எரிச்சல் என்று எழுதியிருந்தேன்

மார்ச் 5, ஞாயிறு

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. கோவில்பட்டி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவன் பத்து நிமிஷம் லேட். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் எழுதி வருகிறேன். இனி வீட்டிலும் அதே வேலை என்று ஆகிவிட்டது.

என் மனைவி செண்பகவல்லிக்கு பைபோலார். தமிழில் இருமுனைக் கோளாறு என்று ஆஸ்பத்திரி அட்டையில் போட்டிருக்கிறது. மனசு ஒரு சமயம் கண்டபடி மேலே ஏறும், ஒரு சமயம் அதலபாதாளத்தில் இறங்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏறியது. மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லை. பீரோவில் இருந்த பட்டுச்சேலைகளை எல்லாம் வெட்டித் தெருப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தாள். நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு கூடை மாலையோடு பஸ் நிலையத்துக்கே வந்து, நின்ற வண்டிக்கெல்லாம் மாலை போட்டாள். கண்டக்டர்கள் கைதட்டினார்கள். நான் டைம் ஆபீஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அப்புறம் மூன்று மாசம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. லித்தியம் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்று மாசத்துக்கு ஒருதரம் திருநெல்வேலி போய் ரத்தப் பரிசோதனை. என் கையால்தான் மாத்திரை கொடுக்கிறேன். ஒரு வேளை தப்பியதில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் தாரணிக்கு ஏப்ரல் 9 நிச்சயதார்த்தம். கல்யாண வீடு என்றால் தூக்கம் கெடும், சந்தோஷமே ஆனாலும் கவனமாக இருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். தூக்கம், மாத்திரை, மனநிலை, வேறு விஷயம் என்று நாலு கட்டம் போட்டுக் கொடுத்தார். இந்த வியாதி எனக்கு இப்போது அத்துப்படி. கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

மார்ச் 6

தூக்கம் 10.10 முதல் 5.35 வரை. மாத்திரை இரண்டு. மனநிலை: சாதாரணம்.

மார்ச் 8

நிச்சயத்துக்கு மகள் போடப்போகும் ஜாக்கெட்டைத் தானே தைப்பதாகச் செண்பகம் சொல்லிவிட்டாள். இந்தத் தெருவுக்கே அவள்தான் தையல்காரி. அதுவும் சாதாரணத் தையல் இல்லையாம், இரண்டு கையிலும் முதுகிலும் ஆரி வேலையாம். மரச்சட்டத்தில் துணியை மேளம் மாதிரி இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையையும் மணியையும் ஒவ்வொன்றாகக் கோத்து எடுப்பது. மயில் போடுகிறாளாம். கடையில் கொடுத்தால் ஆகாதா என்றேன். "எம் பிள்ளை ஜாக்கெட்ட இன்னொருத்தி தைக்கவா?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கும் தையலில்தானே ஆரம்பித்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெயக்கொடியோடு வாசலில் நின்று வெகுநேரம் சிரித்தாள். எண்ணினேன். பெரிய சிரிப்பாக நாலு. வந்து நோட்டை எடுத்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"சிரிச்சதையுமா எழுதுறீக?"

"டாக்டர் சொன்னது."

"டாக்டரம்மா தூக்கத்த எழுதச் சொன்னாக. சிரிப்ப எண்ணச் சொன்னாகளா? அவ மாமியா கதையச் சொன்னா, யாரு கேட்டாலும் சிரிப்பாக. நீங்களுந்தான்."

மனநிலை: சற்று உற்சாகம். கவனிக்கணும்.

மார்ச் 10

பிச்சம்மாள் அக்கா எட்டயபுரத்தில் இருந்து வந்தாள். எனக்குப் பத்து வயசு மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், அதனால் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எனக்கு வராது.

"ஏலே ஆவுடை, மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுக்கா. சொல்லலை."

"சொல்லாத. பைத்தியக்காரி மகள்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா அம்புட்டுதான். ஆனா சபையில வச்சு இவ கெக்கெக்கேன்னு சிரிச்சு வச்சா என்ன செய்வ? மாத்திரை ஆறு வருசமாத் திங்கா. தீந்துச்சா? நம்ம ஆத்தாவுக்கு உப்பில்லாச் சோறு நேந்துக்கோ. இருபத்தோரு நாளு. அம்மாவுக்கு வலிப்பு நின்னது எதுல?"

உண்மைதான். எங்கள் குடும்பத்தில் மாரியம்மனுக்கு அந்த நேர்த்தி உண்டு. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி, இருபத்தொரு நாள் உப்பு சேர்க்காத சாப்பாடு. காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். "மாத்திரைய மட்டும் நிறுத்த மாட்டேங்கா. சாமியும் வேணும், மருந்தும் வேணும்." சிலபேர் சாமியை நம்பி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு முழிப்பார்கள். நான் அந்த ஜாதி முட்டாள் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

விரதத்தைப் பற்றி செண்பகத்திடம் சொன்னேன். பிடிக்கவில்லை. என்னமோ சொன்னாள். டிரங்குப் பெட்டியில் இருந்து அட்டையை எடுத்து வந்து காட்டினாள். குரலை உயர்த்தினாள். ஆறு வருஷத்தில் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

தூக்கம் ஏழு மணி நேரம். மாத்திரை இரண்டு. மனநிலை: எரிச்சல்.

மார்ச் 13

காலையில் அவளாகவே வந்தாள். "சரி, இருக்கேன். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நேர்த்தி செய்யாததாலதான்னு எட்டயபுரத்து மதினி எந்தலையில வைப்பாக. நீங்களும் வாய மூடிக்கிட்டு நிப்பீக" என்றாள்.

நானும் உன்னோடு சேர்ந்து இருக்கிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மனநிலை: பரவாயில்லை.

மார்ச் 14, செவ்வாய்

காலை 6.20க்கு இரண்டு பேரும் காப்புக் கட்டிக்கொண்டோம். மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். மத்தியானம் உப்பில்லாப் பருப்புச் சோறு, உப்பில்லாப் பூசணி. சோறு வாயில் நிற்கிறது, இறங்க மறுக்கிறது. அவள் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினாள்.

மார்ச் 16

பஸ் நிலையத்தில் மூன்று மணிக்கு உளுந்தவடை போட்டார்கள். மணம் டைம் ஆபீஸ் வரை வந்தது. அவ்வளவுதான் எழுதுவேன்.

செண்பகம் சுத்தமாக இருக்கிறாள். மோரில்கூட உப்பில்லை.

மார்ச் 17

காலையில் எழுந்ததும் சட்டம், மத்தியானம் சட்டம், அதற்கு நடுவில் மிஷினில் உட்கார்ந்து லைனிங் தைக்கிறாள். ஒரு பாட்டு வேறு முனகுகிறாள். பசியில் ஆள் வாடணும், இவள் பாடுகிறாள். ஏறுகிறது, நிச்சயம் ஏறுகிறது.

"கொஞ்சம் நிறுத்தேன்" என்றேன்.

"மூணு வாரந்தான இருக்கு. எம் மகளுக்குத் தைக்கேன், சந்தோசமா இருக்கு. சந்தோசமா இருந்தா ஒரு குத்தமா?"

தூக்கம் ஏழரை மணி நேரம். அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனநிலை: மிகுந்த உற்சாகம்.

மார்ச் 18

தையல் மிஷின் பெல்ட்டைக் காணோமாம். வீடு முழுக்கத் தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். தோல் பெல்ட்டை எலி இழுக்கும், அதிலொன்றும் அதிசயமில்லை. புதுசு வாங்கி வாருங்கள் என்றாள். கடையில் இருப்பு இல்லையென்று நாளைக்குச் சொல்லணும்.

மார்ச் 20

இன்று ரத்தப் பரிசோதனைக்குத் திருநெல்வேலி போகவேண்டிய நாள். எல்லை தாண்டக் கூடாதே. கிளினிக்குக்குப் போன் செய்து வேறு நாள் கேட்டேன். எடுத்த பிள்ளை, "ஏப்ரல் முதல் வாரம் வரலாமா சார், அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டது. நல்லா இருக்கா என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றேன்.

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மிஷின் இல்லாததால் சட்டத்தோடே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கைக்கு மயில் முடிந்துவிட்டது. கழுத்தில் பச்சையும் நீலமுமாக மணி. என்ன சொன்னாலும் கைவேலைக்காரிதான்.

மார்ச் 23

கை நடுங்குகிறது என்கிறாள். இரண்டாவது கைக்கு மயில் ஆரம்பித்தவளுக்கு ஊசி விரலில் ஏறி, துணியில் ஒரு சொட்டு ரத்தம். உடனே எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. அந்த இடத்திலேயே ஒரு சிவப்பு மணியை வைத்துத் தைக்கப் பார்த்தாள். மணி கொக்கியில் நிற்கவில்லை. நாலு தடவை கீழே விழுந்தது. நான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

"இப்படி நடுங்கினதில்லங்க. மாத்திரையால லேசா வர்ற பழைய நடுக்கம் வேற, இது வேற."

"சாப்பாடு பத்தலை, அதான்" என்றேன். பெல்ட் போன கோபம் என்று மனசில் நினைத்துக்கொண்டேன். மனநிலை: சிணுங்கல்.

மார்ச் 25

காலையில் இருந்து வாந்தி. நாலு தடவை. வயிற்றுப்போக்கும். அக்காவுக்குப் போன் போட்டேன். "ஆத்தா உள்ள இருக்கத வெளிய தள்ளுதா. பயப்படாத. இன்னும் ஒம்போது நாளுதான்" என்றாள். எனக்கும் தைரியம் வந்தது.

ராத்திரி மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தாள். மாத்திரையும் சேர்ந்து போயிருக்குமே என்று இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தேன். நான் இருக்கும்வரை ஒரு வேளை தப்பாது.

மார்ச் 26

தூக்கம்: பகலிலும் தூங்குகிறாள். மாத்திரை மூன்று. ஒன்று வாந்திக்குப் பதில். மனநிலை: மந்தம்.

மார்ச் 27

ஏறினது இறங்குகிறது. எனக்குத் தெரியாதா இந்த வண்டியின் போக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாலும் ஏறி இறங்கியதுதானே.

எழுந்து கொல்லைப்பக்கம் போகும்போது கால் பின்னி, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஜெயக்கொடி பார்த்துவிட்டாள். "அண்ணே, மதினிக்கு நாக்கு குழறுதே. பேச்சு ஒரு மாதிரியா இருக்கே" என்றாள். அவள் மோப்பம் பிடித்தமாதிரியும் இருந்தது. என் பெண்டாட்டி குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறாளா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மயக்கம், வேற ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திவிட்டேன். இந்த வீட்டில் கதவைச் சாத்துவதுதான் என் வேலை போலிருக்கிறது.

செண்பகம் என் கையைப் பிடித்தாள். டாக்டர் என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். இன்னும் ஏழு நாள், பல்லைக் கடித்துக்கொள் என்றேன். உப்பு என்று ஏதோ சொன்னாள். விரதம் முடிந்ததும் முதல் வேளை உனக்குக் கருவாட்டுக் குழம்பு என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 28

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி.

மார்ச் 30

இரண்டு நாளாக எழுத ஓடவில்லை. இப்போது தாரணி உள்ளே இருக்கிறாள், நான் வராந்தாவில் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 7.15க்குக் கோயம்புத்தூரில் இருந்து தாரணி வந்தாள். ஜாக்கெட் அளவு பார்க்க என்று லீவு போட்டு வந்தவள். வாசலில் பையை வைத்துவிட்டு "அம்மா, மயில் முடிஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அப்புறம் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. செண்பகம் கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் மகளைத் தெரியவில்லை. வாய் ஓரம் துடித்தது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"ரெண்டு நாளா... சனிக்கிழமையில இருந்து."

"அஞ்சு நாளா கை நடுங்குதுன்னு உங்க நோட்டுல இருக்கேப்பா."

அவள் மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டியிருக்கிறாள். எல்லை தாண்டக் கூடாது, காப்பு கட்டியிருக்கு என்று நான் சொன்னேன். ஆமாம், அப்போதும் அதைத்தான் சொன்னேன். தாரணி தையல் மிஷின் மேல் இருந்த கத்திரிக்கோலை எடுத்து அம்மா கையில் இருந்த காப்பை வெட்டினாள். என் கையைப் பிடித்து என்னுடையதையும் வெட்டினாள். ஜெயக்கொடி வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து சேர்த்தோம்.

டாக்டரம்மா ஓடி வந்தார். முதல் கேள்வியே, "உப்பு குறைச்சீங்களா?"

ஆமாம் என்றேன். மாத்திரை நிறுத்தலை டாக்டர், ஒரு வேளைகூட விடலை என்றும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி இந்த மருந்த வெளிய விடாது, பிடிச்சு வச்சுக்கும். வெயில்ல, வாந்தில தண்ணி வத்தினா இன்னும் மோசம். இருக்கவேண்டிய அளவப்போல மூணு மடங்கு ரத்தத்துல ஏறியிருக்கு. இது பைபோலார் இல்ல சார். அவங்க வியாதி ஆறு வருஷமா அமைதியாத்தான் இருக்கு. இது விஷம்."

டயாலிசிஸ் செய்கிறார்கள். இன்றைக்கு இரண்டாவது தடவை.

நான் வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்த மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதை நோட்டில் எழுதியிருப்பதைக் காட்டினேன். பார்த்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 1

கண் விழித்தாள். தாரணியைத் தெரிந்தது. என்னைத் தெரிந்தது. நான் வெளியே வந்து அழுதேன்.

ஏப்ரல் 3

இன்றைக்கு இருபத்தொன்றாம் நாள். கணக்குப்படி விரதம் முடியும் நாள்.

மாப்பிள்ளையின் அம்மா சாத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். பெயர் அன்னபாக்கியம், பால்வாடி டீச்சர். தூக்குவாளியில் கஞ்சி. விஷக்காய்ச்சல் என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, எங்கிட்ட எதுக்கு மறைக்கீக? நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தாரணி சொல்லிட்டாளே. அம்மாவுக்கு இப்படி, மாத்திரை சாப்பிடுறாக, நல்லா இருக்காகன்னு. எங்க வீட்டுக்காரருக்கு சுகரு. ஆளுக்கொரு மாத்திரை. அதுக்கென்ன?"

யாருக்குத் தெரியக் கூடாதென்று இருபத்தொரு நாள் நேர்ந்தேனோ, அந்த அம்மாள் என் பெண்டாட்டிக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உப்புப் போட்ட கஞ்சி.

தாரணியை வெளியே கூப்பிட்டு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேட்டீங்களாப்பா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 5

அக்கா போன் செய்தாள். நடுவில் காப்பை வெட்டினதால்தான் இந்தச் சோதனை என்றாள். முதல் தடவையாக அக்காவின் போனை நான் பாதியில் வைத்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

நிச்சயம் இன்று நடந்திருக்க வேண்டும். வைகாசிக்குத் தள்ளியிருக்கிறோம். அவர்களாகவே சொன்னார்கள், அவசரமில்லை என்று.

ஏப்ரல் 16

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. நடக்கிறாள், பிடித்துக்கொண்டால். பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி சிந்துகிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

காலையில் அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, என் ஆபீஸ் பையின் அடியில் இருந்து பெல்ட்டை எடுத்து மிஷினில் மாட்டினேன். ஆம், நான்தான் எடுத்தேன். மார்ச் 18 அன்று எலி என்று எழுதியிருப்பது பொய். மார்ச் 16 அன்று வடையும் தின்றேன், மூன்று. அன்றைக்கு மட்டும் இல்லை, மறுநாளும். அவள் கடைசிவரை ஒரு கல் உப்பு தொடவில்லை.

தாரணி பிடித்து அழைத்துவந்தாள். செண்பகம் மிஷினைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எலி... குடுத்துருச்சா?"

அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இருந்தும் நாள் முழுக்க அலமாரி அடியிலும் கட்டில் அடியிலும் தேடினாள், நான் பொய்யனாகக் கூடாதென்று.

உட்கார்ந்து சக்கரத்தில் கை வைத்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. நான் கோத்துக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நூலை மடியில் வைத்துவிட்டு, சட்டத்தில் இருந்த ஜாக்கெட்டைத் தடவினாள். ஒரு கையில் மயில், மறுகையில் பென்சில் கோடு. நடுவில் அந்த ரத்தப் பொட்டு காய்ந்து பழுப்பாக இருந்தது.

தாரணி இப்படியேதான் போட்டுக்கொள்வேன் என்கிறாள், ஒரு கை மயிலோடு. செண்பகம் தலையாட்டினாள். அழவில்லை. நான்தான் கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20

டாக்டரம்மாவிடம் போனோம். நடுக்கம் போகுமா என்று கேட்டேன். "கொஞ்சம் குறையும். முழுசாப் போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சில பேருக்கு நின்னுடும்" என்றார். தைக்க முடியுமா என்று கேட்கவில்லை. செண்பகம் பக்கத்தில் இருந்தாள்.

நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். முதல் பக்கத்தில் இருந்து புரட்டினார். நாலு சிரிப்பு என்று எழுதியிருந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மார்ச் 12.

"எரிச்சல்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு என்ன நடந்தது? ஒரு நாளும் சத்தம் போடாதவங்க ஏன் சத்தம் போட்டாங்க?"

என்னமோ சொன்னாள் என்று எழுதியிருந்தேன். என்னமோ இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்தது, இருக்கிறது. இந்த ஒரு மாசமும் அதுதான் காதில் ஓடுகிறது. எந்த வண்டி என்றைக்கு எத்தனை நிமிஷம் லேட் என்று வருஷக்கணக்கில் சொல்லக்கூடியவன் நான், பெண்டாட்டி சொன்னது மறக்குமா? எழுதினால் அதற்குப் பதில் சொல்லணும். அதனால் எழுதவில்லை. வியாதிக்காரி பேச்சு, அதற்கென்ன பதில் என்று விட்டுவிட்டேன். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். செண்பகம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செண்பகம் நோட்டைக் காட்டினாள். "அத... அடிச்சிருங்க. நாஞ் சொன்னத... எழுதுங்க."

இங்கேயா என்றேன்.

"வீட்டுல. இன்னிக்கே."

ராத்திரிச் சாப்பாடு முடித்து மாத்திரை கொடுத்தேன். எண்ணி, அட்டையில் பார்த்து, அவளிடமும் காட்டிவிட்டுக் கொடுத்தேன். இனி இந்த நோட்டில் மனநிலைக் கட்டத்தை அவளே சொல்வாள், நான் எழுதுவேன் என்று பேச்சு. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டேன். இடம் பத்தாததால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 12, ஞாயிறு

விரதத்தைப் பற்றி செண்பகத்திடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து வந்து, மூன்றாவது வரியில் விரலை வைத்துக் காட்டிச் சொன்னது:

"உப்பக் குறைக்கக் கூடாதுன்னு இதுல போட்டுருக்குங்க. இந்த மாத்திரை சாப்பிடுறவுக உப்பில்லாம இருந்தா ஆபத்துன்னு டாக்டரம்மா மொத நாளே எங்கிட்ட சொன்னாக. உங்க ஆத்தாவ நான் குறை சொல்லல. வேற நேர்த்தி என்ன சொன்னாலும் செய்றேன், பூக்குழி எறங்கச் சொன்னாக்கூட எறங்குறேன். இத மட்டும் டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம். ஒரு போனுதான. நான் வியாதிக்காரிதான், இல்லைன்னு சொல்லல. அதுக்காக நான் சொல்றது எல்லாமே வியாதி ஆயிருமா?"

தூக்கம் ஏழு மணி நேரம். மாத்திரை இரண்டு.

மனநிலை: நன்றாக இருந்தாள்.